வெட்டினால் போதுமா?

நீலகிரியின் பைன் தோப்பொன்றில் காலடியில் மெத்தைபோல் கிடக்கும் ஊசியிலைச் சருகை விலக்கிப் பாருங்கள். வெள்ளை நூலிழைகள் வேர்நுனிகளுக்கு உறை போட்டிருக்கும். பக்கத்துச் சோலைக்காட்டில் நாவல் இன மரங்களின் வேரில் அந்த உறை இராது. அங்கே பூஞ்சை வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து கிளைவிடும், நுண்ணோக்கியில்தான் தெரியும். காட்டுப் பூவரசுக்கோ (ரோடோடென்ட்ரான்) வேறொரு வகைப் பூஞ்சை. பூஞ்சை மண்ணிலிருந்து பாஸ்பரசைக் கொண்டுவந்து தர, மரம் சர்க்கரையைத் தருகிறது. மரம் மாறினால் மண்ணுக்குள் கூட்டாளியும் மாறும்.

நீலகிரியில் அப்படித்தான் நடந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) வெளியிலிருந்து வந்தன. பைன் தோட்டங்கள் பிறகு வந்தன. இங்குள்ள பைன் வேர்களில் அமனிடா மஸ்காரியா, சுயில்லஸ் பிரெவிபெஸ் போன்ற பூஞ்சைகள் உறை கட்டுவதை மோகன், நடராஜன், இங்கிள்பி 1993இல் விவரித்தார்கள். இவை சோலை மரங்களுக்கு உதவுபவை அல்ல.

இன்று இந்த அயல் மரங்களை வெட்டி அகற்றும் பணி நடக்கிறது. 2022இல் தமிழக அரசு இதற்கெனக் கொள்கையும் வகுத்தது. நோக்கம் சரியானது. அயல் மரங்கள் மூடிய புல்வெளிக்கு வெயில் வேண்டும். சீகையை விட்டுவைத்தால் அது புல்லை விழுங்கிக்கொண்டே போகும். தள்ளிப்போட முடியாத வேலை இது.

குறை, வேலையை அளக்கும் விதத்தில் இருக்கிறது. எத்தனை ஹெக்டேர் வெட்டினோம் என்பதே கணக்காகிவிட்டால் மண் கணக்கில் வராது. நெடுங்காலம் பைன் நின்ற இடத்தில் சோலைக்கும் புல்லுக்கும் வேண்டிய பூஞ்சை மெலிந்திருக்கலாம். சீகை விதையோ மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருந்து, வெயில் பட்டதும் கொத்துக்கொத்தாக முளைக்கும். முதிர்ந்த சீகையின் நிழலில் தானாக வளரும் சோலைக் கன்றுகளும், ஒட்டுமொத்தமாக வெட்டும்போது மிதிபட்டு அழியும்.

ஆகவே வெட்டுவதைக் கைவிட வேண்டாம். வெட்டும் முறை மாறட்டும். புல்வெளியாக இருந்த இடத்தில் முழுமையாக அகற்றி, முளைக்கும் சீகையை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். சோலைக் கன்று தலைகாட்டும் இடத்தில் மேல்மரத்தைப் படிப்படியாகக் கழிக்க வேண்டும். நடுவதற்கான சோலைக் கன்றுகளை வளர்க்கும் நாற்றங்காலில் ஒவ்வொரு பைக்கும் அருகிலுள்ள நோயற்ற சோலையின் மண் ஒரு கைப்பிடி போதும். கன்றோடு அதன் கூட்டாளியும் மலையேறட்டும். அப்போதுதான் நாம் நடுவது காடு.