நட்சத்திரம் போட்ட சொல்

நம் இலக்கியக் கட்டுரைகளில் ஒரு வாதம் அடிக்கடி வரும்: "இந்தச் சொல்லின் வேர் இது, ஆகவே உண்மையான அர்த்தமும் இதுதான்." அந்த 'ஆகவே' மேல எனக்கு எப்பவும் சந்தேகம். அதைச் சோதித்துப் பார்க்க ஆதி ஸ்லாவிய மொழியின் ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: *வேதேத்தி. 'அறிதல்' என்று பொருள்.

முன்னால் இருக்கும் நட்சத்திரத்தைக் கவனியுங்கள். இந்த வடிவம் எந்தச் சுவடியிலும் இல்லை, பிற்கால ஸ்லாவிய மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்பதற்கான அடையாளம் அது.

இதன் பூர்வகதை அழகானது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'பார்' என்ற வேரின் நிறைவு வடிவம் இது. 'பார்த்திருக்கிறேன்' என்பதே 'எனக்குத் தெரியும்' ஆனது. சமஸ்கிருத 'வேத', கிரேக்க 'ஒய்த' இரண்டும் அதே வடிவத்திலிருந்து வந்தவை. நாம் கடன் வாங்கிய வேதம், வித்தை எல்லாம் இந்த வேர்தான். உடனே நம்ம கட்டுரையாளர் எழுதிவிடுவார்: "அறிதல் என்பதே காணுதல்தான்!"

ஆனா ஸ்லாவிய மொழி பேசியவர்கள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. பார்ப்பதற்கு அதே வேரிலிருந்து *வீதேத்தி என்று தனி வினை வைத்திருந்தார்கள். செக் மொழியில் இன்றும் இரண்டும் தனித்தனியாக வாழ்கின்றன. வேர் ஒன்று என்பதற்காக யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

அப்படியென்றால் அந்தப் பூர்வகதை பொய்யா? இல்லை. ஆனால் அதற்கான வலுவான சாட்சி அழகான அர்த்தத்தில் இல்லை, கோணலான விகுதிகளில் இருக்கிறது. 'அறிகிறேன்' *வேமி, இங்கே வேரின் 'த்' உதிர்ந்துவிட்டது. 'அறிகிறான்' *வேஸ்தி, அது 'ஸ்' ஆகிவிட்டது. 'அறிகிறார்கள்' *வேதெந்து, மறுபடி முழுசா வந்து நிற்கிறது. இரு, கொடு, தின் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய வினைகளோடுதான் இது சேரும். அதிலும் விசித்திரம், பழைய சர்ச் ஸ்லாவியச் சுவடிகளில் 'அறிகிறேன்' என்பதற்கு 'வேதே' என்றும் வருகிறது. இந்த 'ஏ' விகுதி எந்த நிகழ்கால வாய்பாட்டிலும் பொருந்தாது. லத்தீனில் 'பார்த்தேன்' என்பதன் கடைசி 'ஈ'யும் இதுவும் ஒரே பழைய நிறைவு விகுதியிலிருந்து வந்தவை. பழைய புரோகிராமில் ஏன் இருக்கிறது என்றே தெரியாத ஒரு வரி இருக்கும், கை வைக்கப் பயந்து எல்லாரும் விட்டுவைத்திருப்பார்கள். முந்தைய வெர்ஷனுக்கு அதுதான் ஆதாரம்.

ரஷ்யர்கள் இன்று 'தெரியும்' என்பதற்கு வேறு வினையைத்தான் புழங்குகிறார்கள். ஆனாலும் 'போக் வியெஸ்த்', அதாவது 'கடவுளுக்குத்தான் தெரியும்' என்ற தொடரில் *வேஸ்தி உறைந்து கிடக்கிறது. அங்கே 'வியெஸ்த்' என்றால் 'செய்தி' என்றும் ஒரு பெயர்ச்சொல் இருப்பதால், அது ஒரு காலத்தில் வினைமுற்று என்பதே வெளியே தெரிவதில்லை.

1868இல் ஷ்லைகர் என்ற ஜெர்மானிய அறிஞர், மீட்டெடுத்த மூலமொழியில் ஒரு குட்டிக்கதையே எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார்கள். யாருக்கும் அது அவமானமாகப் படவில்லை. நட்சத்திரம் போட்ட சொல் திருத்தப்படுவதற்குத் தயாராக இருக்கும் சொல். நம் வேர்ச்சொல் ஆராய்ச்சிகளில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். கற்பனை இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது, நட்சத்திரம் மட்டும் இல்லை.