'அல்லது' செய்த வேலை

பட்டுக்கோட்டைப் பக்கம் கல்யாணப் பத்திரிகையின் மேலே 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்று அச்சடித்திருந்தால், மண்டபத்தில் ஐயர் இருக்கமாட்டார், தலைவர் இருப்பார், பேச்சு நீளும், பந்தி தாமதமாகும் என்று அர்த்தம். வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் 'அஞ்சாநெஞ்சன்' அழகிரி மேடைமேடையாகப் பேசி வளர்த்த ஊர் இது. அவர் 1949இல் மறைந்தார். அவர் பேச்சைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இந்தச் சுயமரியாதைத் திருமண முறையை இங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. வேடிக்கை பார்க்காததாலேயே அதில் என்ன தேய்ந்துபோனது என்றும் பார்ப்பதில்லை.

1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த மணத்தைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். மணமக்கள் தங்கள் வாயாலேயே சொன்னால் போதும் என்ற நம்பிக்கையில் அதன்பின் ஆயிரக்கணக்கானோர் மணந்தார்கள். 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், சடங்கு நடக்காததால் அப்படிப்பட்ட மணம் செல்லாது என்றது. அதுவரை மனைவியாக வாழ்ந்தவளின் சொத்துரிமையும் பிள்ளைகளின் நிலையும் ஒரு தீர்ப்பில் ஆட்டம் கண்டன. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்து, இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்த பிறகுதான் அந்தக் குடும்பங்களுக்கு மூச்சு வந்தது. முன்பே நடந்த மணங்களும் செல்லும் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பிரிவைச் சட்டப் புத்தகத்தில் ஒருமுறை நிதானமாகப் படிக்கவேண்டும். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் எந்த மொழியிலாவது ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். மூன்றில் எது நடந்தாலும் மணம் முடிந்தது. வரைவில் 'மற்றும்' என்று இருந்ததைப் பெரியார்தான் 'அல்லது' ஆக்கச் சொன்னார் என்று இயக்கத்தார் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட நியாயம் இருக்கிறது. 'மற்றும்' நின்றிருந்தால் தாலி வேண்டாம் என்கிறவர்களும் தாலிக்குள் வந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் அதே 'அல்லது' வாய்ச்சொல்லையும் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பாருங்கள்: பதிவு அதிகாரிக்கும் மூன்று சாட்சிகளுக்கும் முன்னால், இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்பதாக வாய்திறந்து சொன்னால்தான் மணம் முழுமையாகும். பக்கத்து அதிராம்பட்டினத்து நிக்காஹ்வில், மணப்பெண் சபையில் உட்காராத இடத்திலும் அவள் சம்மதத்தைக் கேட்டறியாமல் மேலே போவதில்லை. வாய்ச்சொல்லுக்காகவே பிறந்த நம் முறையில்தான் அது இல்லாமலும் காரியம் முடிகிறது. இன்னொன்றும் உண்டு. அறிவிப்பும் மாலையும் இரண்டு பக்கமும் நடப்பவை. தாலி ஒரு பக்கம்தான். மண்டபத்தில் எது நிலைத்தது, எது கழன்றது என்று சொல்லவேண்டியதில்லை.

சில வருஷத்துக்கு முன் இங்கே ஒரு கல்யாணம். தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். நீட் வந்தது, மேகதாது வந்தது. பிறகு உறுதிமொழித் தாளை அவரே வாசிக்க, பையன் பின்னால் சொன்னான். பெண்ணின் முறை வந்தபோது மைக் தலைவர் கையிலேயே இருந்தது. அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. தலைவர் தாலியை எடுத்துக்கொடுக்க, கெட்டிமேளம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஐயரின் இடத்தில் தலைவரும் மந்திரத்தின் இடத்தில் பேச்சும் வந்திருக்கின்றன. மந்திரமாவது சீக்கிரம் முடியும்.

இத்தனை சொன்னாலும் அந்தத் தாளில் இருக்கும் தமிழை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நம் ஊர்ப் பேச்சில் பையன் 'கட்டுகிறான்', பெண்ணைக் 'கட்டிக்கொடுக்கிறார்கள்', அவள் 'வாழ்க்கைப்படுகிறாள்'. மூன்றில் ஒன்றும் அவளாகச் செய்கிற வினை இல்லை. தாளிலோ இருவருக்கும் ஒரே வினை: 'ஏற்றுக்கொள்கிறேன்'. 'வாழ்க்கைத் துணைநலம்' என்ற பெயரும் அப்படியே. குறளில் அந்த அதிகாரம் மனைவியின் குணத்தைத்தான் அளக்கிறது. இயக்கத்தார் அதை எடுத்து இருவர் தலையிலும் வைத்தார்கள். 'ஒப்பந்தம்' என்றால் கிழவிகள் சிரிப்பார்கள், குத்தகைச் சீட்டுக்கு எழுதுகிற சொல்லாயிற்றே என்று. எனக்கு அது உறுத்தவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பு உண்டு. கன்னிகாதானத்தில் பெண் பொருள்.

சட்டம் தன் பங்குக்கு விரிந்துகொண்டேதான் வருகிறது. சப்தபதி என்ற ஏழடிச் சடங்கு இல்லாவிட்டாலும் 7-அ மணம் செல்லும் என்று 2001இல் நாகலிங்கம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே அது முதல் மனைவிக்குத் துணையாக நின்றது. இரண்டாவது கட்டியவன் அதைக் கல்யாணமே இல்லை என்று தட்டிவிட முடியவில்லை. வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் மணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் சொன்னதை, 2023இல் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரைக் கூட்டி அறிவித்தால்தான் மணம் என்றால், ஊருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் எங்கே போவார்கள்? சாதி மாறி மணப்பவர்களை வெட்டுகிற மாநிலத்தில் அந்தக் கதவு திறந்தே இருக்கவேண்டும். கட்டாயப்படுத்திக் கட்டிய தாலியும் அதே கதவு வழியே உள்ளே வரப் பார்க்கும் என்ற பயம் எனக்கு உண்டு. அதைத் தடுக்கக்கூடியது அவள் சொன்ன சொல் ஒன்றுதான். அதை யார் கேட்டார்கள் என்பதில்தான் வழக்கே நிற்கும்.

அந்தக் கல்யாணத்தில் பந்திக்குப் போகும் வழியில் மொய் மேசை. 'ஆலடிக்குமுளை மாமா வீடு, ஐயாயிரத்து ஒன்று' என்று இன்னொரு மைக் கணீரென்று அறிவித்துக்கொண்டிருந்தது. நோட்டில் எழுதியவர் பெயரை இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.