மூட்டைத் தார்: ஐப்பசி மழைக்குத் தாங்குமா?

வீட்டு வாசலுக்கு வரும் தார்ப் பாதையில் குழி விழுந்தால் ஹாட் மிக்ஸ் லாரியைக் கூப்பிட முடியாது. 150 டிகிரிக்கும் மேல் சூடாக வரும் கலவையை ஆறுவதற்குள் கொட்டி ரோலர் ஓட்டியாக வேண்டும். நாலு பாண்டுச்சட்டி வேலைக்கு எந்த கான்ட்ராக்டரும் அந்தப் பாடு படமாட்டார். அந்த இடத்துக்கென்றே கடைக்கு வந்திருக்கிறது கோல்டு மிக்ஸ் எனப்படும் ரெடிமேட் தார்க் கலவை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் போகும் ஒரு பாதையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைப் போட்டு, மழை ஓயும்வரை கவனித்தோம்.

எதிரி யார்?

குளிர் நாடுகளில் விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துத் தாரைப் பிளக்கும். நமக்கு அந்த உறைபனி ஊட்டியோடு நின்றுவிடுகிறது. கோவையின் மார்கழிக் குளிர் தாரை ஒன்றும் செய்யாது. இங்கே கெடுப்பது அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகை மழை. தேங்கிய தண்ணீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து பிடிப்பை விடுவிக்கிறது. அதன்மேல் டிராக்டர் ஏறினால் ஜல்லி உதிர்ந்து குழியாகிவிடும். அடியில் கரிசல் மண் என்றால் இன்னும் மோசம். மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். மேலே இருக்கும் தாரும் கூடவே வெடிக்கும்.

மூட்டைக்குள் என்ன?

சிப்ஸ் ஜல்லி, டஸ்ட் எனப்படும் கல்தூள், கரைப்பான் சேர்த்து இளக்கிய தார். பிரித்தவுடன் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அந்தக் கரைப்பான் காற்றில் போகப் போகத்தான் கலவை இறுகும். இந்த வகைக் கலவைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் 2014-லேயே ஐ.ஆர்.சி. 116 என்ற தர விதியை வெளியிட்டிருக்கிறது. மூட்டையில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

25 கிலோ மூட்டை எவ்வளவு அடைக்கும் என்பதில்தான் பலர் ஏமாறுவார்கள். திமிசு போட்டு இறுக்கிய பிறகு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத்தான் வரும். குழியை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

போட்டுப் பார்த்ததில்

அடுப்பு, பாய்லர், ரோலர் எதுவும் தேவையில்லை. விடிகாலையில் கலவை கட்டியாக இருந்தது. மூட்டையைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டதும் மண்வெட்டிக்கு இளகிக் கொடுத்தது. குழியின் ஓரங்களை உளியால் நேராக வெட்டி, உதிரி ஜல்லியையும் மண்ணையும் கூட்டி எடுத்துவிட வேண்டும். ஆழம் அதிகமென்றால் இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் திமிசால் இடிக்க வேண்டும். மேல்மட்டம் பாதையைவிட அரை அங்குலம் தூக்கலாக இருக்கட்டும். வண்டி ஓட ஓட அமுங்கிவிடும். கடைசியாக மேலே டஸ்ட் தூவினால் டயரில் ஒட்டாது.

போட்ட அன்றைக்கே கார் ஏறியது; ஒன்றும் ஆகவில்லை. டிராக்டரின் பின்டயர் மட்டும் பட்டை பட்டையாகத் தடம் பதித்தது. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மேல்பூச்சு பிய்ந்து வருகிறது. புல்லட்டின் சைடு ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைப்பது நல்லது. டீசல் சொட்டும் வண்டியை இதன்மேல் நிறுத்தவே கூடாது. டீசல் தாரைக் கரைத்துவிடும்.

மழை என்ன சொன்னது?

மேட்டுப் பகுதியில் போட்ட ஒட்டுகள் கார்த்திகை முடிந்தும் அப்படியே நிற்கின்றன. சொட்டுநீர்க் குழாய் ஒழுகி ஓரத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தில் விளிம்பிலிருந்து ஜல்லி உதிர ஆரம்பித்துவிட்டது. அதே கலவை, அதே ஆள், அதே திமிசு. கூட வேலை செய்த மேஸ்திரி முன்பே சொன்னார்: “தண்ணி நிக்கற எடத்துல தாரு நிக்காதுங்ணா.”

விரிசலுக்கு இந்த மூட்டைக் கலவை ஆகாது. சிப்ஸ் அதற்குள் இறங்காது. வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, காற்றடித்துத் தூசியை வெளியேற்றி, தார் எமல்ஷனில் டஸ்ட் கலந்து ஊற்றுவதே சரி. ஊற்றும்போது காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும் எமல்ஷன் கறுப்பாக மாறினால் தண்ணீர் பிரிந்து தார் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை மழை படக்கூடாது.

பாதை முழுவதும் ஜல்லி பெயர்ந்திருந்தால் மூட்டைக் கணக்கு கட்டுப்படியாகாது; புதிதாக ஹாட் மிக்ஸ் போடுவதே லாபம். அப்போது பிளாஸ்டிக் கலந்த தாரையும் கேட்டுப் பாருங்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துகளைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும். பிறகு தண்ணீர் எளிதில் புகாது.

பிளஸ்: சூடாக்க வேண்டாம், ரோலர் வேண்டாம்; வீட்டு ஆளே போடலாம்; உடனே வண்டி விடலாம்; பிரிக்காத மூட்டையை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம்.

மைனஸ்: அடைக்கும் பரப்பு குறைவு, முழுதாக இறுக நாளாகும், டயர் திரும்பும் இடத்தில் பிய்யும், விரிசலுக்கு உதவாது.

தீர்ப்பு: இரண்டு மூன்று குழிகள் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் மூட்டைக்கு முன்னால் வாட்டத்துக்குச் செலவு செய்யுங்கள். பாதையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நாலு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு, ஓரத்தில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். இந்த இரண்டையும் புரட்டாசிக்குள் முடித்துவிட்டுக் குழியை அடைத்தால் போட்ட காசு வீண் போகாது.