வளர மறுத்த வாத்திமார்

இறுதிப் போர் நடந்த முள்ளிவாய்க்காலில் 'சனல் 4' என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை. 2011 ஜூனில் அந்தப் பிரித்தானியத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய இலங்கைக் கொலைக்களங்கள் பற்றிய ஆவணப்படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த ஒடுங்கிய மணல் நிலத்தின் பெயரை உலகம் அறிந்துகொண்டதில் அந்தப் படத்துக்குப் பங்குண்டு. அதே சனல் 4, அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 2001 மார்ச்சில் ஒரு பள்ளிக்கூட நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியது. பெயர் 'ரீச்சர்ஸ்'. 2004 வரை நான்கு பருவங்கள் ஓடியது. பள்ளிக்கூடத்தைப் பற்றி எடுக்கப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான் இதை ரசிப்பதற்கான காரணங்களில் பாதி இங்கிலாந்தில் இருக்கின்றன, பாதி எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இருக்கின்றன.

ரிம் லோன் என்பவர் உருவாக்கிய தொடர் இது. பிரிஸ்டல் நகரத்தில் சமர்டவுன் என்ற கற்பனைப் பள்ளிக்கூடம். அங்கே ஆங்கிலம் படிப்பிக்கும் சைமன் கேசி முப்பதை எட்டிப்பார்க்கும் வயதிலும் தகப்பன் வீட்டில் இருக்கிறான். ('இருக்கிறார்' என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அவனுக்கு அந்த மரியாதையைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை, அவனும் அதைக் கேட்பவனல்ல.) அவனுடைய கூட்டாளிகள் கணினிப் பாடம் எடுக்கும் கேர்ட், விளையாட்டு ஆசிரியர் பிரையன், உளவியல் படிப்பிக்கும் சூசன். பாடம் முடிந்ததும் மதுக்கடைக்குப் போவார்கள். பள்ளி வளவில் மறைவாக நின்று புகைப்பார்கள். வாத்திமாருக்குப் பயந்து மாணவர் ஒளித்துச் செய்யும் காரியத்தை இங்கே வாத்திமார் அதிபருக்குப் பயந்து ஒளித்துச் செய்கிறார்கள். அதிபர் கிளேயர் ஹன்டர் வரும் சத்தம் கேட்டால் முகத்தை மாற்றிக்கொள்ளும் விதம் பத்தாம் வகுப்புப் பெடியளின் விதமேதான்.

மாணவர்களோ வயதில் மூத்தவர்கள் போல நடந்துகொள்கிறார்கள். தொடரின் முதல் அழகு இந்தத் தலைகீழ். கேள்வி கேட்கும் பிள்ளையின் கண்ணில் ஒரு பொறுமை தெரியும்: 'இந்த ஆள் இன்றைக்காவது ஆயத்தமாக வந்திருக்கிறாரா?' என்ற பொறுமை. வாத்தி தடுமாறும்போது வகுப்பு கொல்லென்று சிரிப்பதில்லை. அவன் தன்னைச் சரிசெய்துகொள்ளும் மட்டும் காத்திருக்கிறது. நகைச்சுவை எழுதுகிறவர்கள் வழக்கமாக மாணவர் கூட்டத்தை ஒரு சத்தமாக மட்டுமே வைத்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு முகமும் ஒரு தீர்ப்பு. பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ஜேம்ஸ் கோர்டன் முதற் பருவத்தில் மாணவனாக வருகிறார். சைமனாக நடித்த அன்ட்ரூ லிங்கனையோ இங்குள்ள பெடியளுக்கும் தெரியும். 2010-இல் தொடங்கிய 'வோக்கிங் டெட்' தொடரில் பிணங்களோடு போராடும் ரிக் கிரைம்ஸ் அவர்தான். அந்த இறுகிய முகத்தை மட்டும் கண்டவர்கள், அதே முகம் பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் நுழையும்போது எப்படிக் குழையும் என்பதையும் ஒருமுறை காண வேண்டும்.

இனி, காட்சிக் கட்டுமானம். அத்தியாயம் கிழமை நாள்களாக நகரும். திங்கள், செவ்வாய் என்ற எழுத்துகள் திரையில் தனியாக வந்து விழுவதில்லை. சுவரிலோ, காட்சியில் கிடக்கும் ஏதாவது ஒரு பொருளிலோ அந்த நாளின் பெயர் இருக்கும். நாங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூட வாழ்க்கையில் காலம் உண்மையில் அப்படித்தான் தெரிகிறது. ஆசிரியருக்குத் திகதி முக்கியமில்லை, கிழமைதான் முக்கியம். செவ்வாய் மூன்றாம் பாடம் ஒன்பதாம் வகுப்பு, வியாழன் கடைசிப் பாடம் யாரும் விரும்பாத வகுப்பு என்றுதான் அவருடைய உடம்பு நாளை அறியும். நேரசூசியோடு வாழ்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

அடுத்தது மிருகங்கள். கதாபாத்திரங்கள் முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நடைபாதையில் ஒரு கழுதை போகும், ஆடு போகும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரித்தானிய விமர்சகர்களுக்கு இது மிகுபுனைவு. வன்னியில் இருந்து பார்க்கிறவருக்கு இதில் புனைவே இல்லை. வேலி சரியாக அடைக்காத பள்ளிக்கூடத்துக்குள் கட்டாக்காலி மாடுகள் வந்து மரநிழலில் படுத்திருப்பதும், அதற்கு இந்தப் பக்கத்தில் திரிகோண கணிதம் நடந்துகொண்டிருப்பதும் இங்கே சாதாரணம். மாட்டைத் துரத்தப் போன மாணவன் பாடம் முடியும்வரை திரும்பி வராததும் சாதாரணம். ஆனாலும் அந்தக் கழுதைகள் சும்மா விடப்பட்டவை அல்ல. பள்ளிக்கூடத்தில் ஆயிரம் வினோதங்கள் நடந்தாலும் ஆசிரியர் தன் சொந்தச் சிக்கலில் மூழ்கி ஒன்றையும் காணாமல் நடப்பார் என்பதை வசனமே இல்லாமல் காட்டும் உத்தி அது. பார்வையாளர் கழுதையைக் காண்கிறார், சைமன் காணவில்லை. அவனுடைய முதிர்ச்சியின்மைக்கு இதைவிடச் சுருக்கமான சித்திரம் கிடையாது.

தமிழில் ஆசிரியர் பாத்திரத்துக்கு இரண்டு அச்சுகள் இருக்கின்றன. ஒன்று மீட்பர். 2012-இல் வந்த 'சாட்டை'யில் சமுத்திரக்கனி, 2019-இன் 'ராட்சசி'யில் ஜோதிகா. சீரழிந்த அரசுப் பள்ளிக்கு வருவார்கள், திருத்துவார்கள். மற்றது அந்த மீட்பருக்கு எதிரே நிற்கும் சோம்பேறி அல்லது கொடியவர். 'சாட்டை'யில் தம்பி ராமையா செய்தது. இரண்டையும் நான் மதிக்கிறேன். 'சாட்டை' எத்தனையோ ஆசிரியர்களைக் கூச வைத்த படம், கூச வேண்டியவர்கள் கூசினார்கள். விஜய் தொலைக்காட்சியின் 'கனா காணும் காலங்கள்' 2006-இல் பள்ளிக்கூடத்தைத் தமிழ்த் தொடருக்குள் கொண்டுவந்தது, ஆனால் அது மாணவர்களின் கதை. இந்த இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், நல்லவரும் இல்லாமல் கெட்டவரும் இல்லாமல், சம்பளத்துக்காக வந்து, சில நாள்களில் மட்டும் தற்செயலாக நல்ல பாடம் எடுத்துவிடும் சாதாரண ஆசிரியரைக் காட்டப் பயப்படுகிறோம். குருவை மாதா பிதாவுக்கு அடுத்துத் தெய்வத்துக்கு முன்னால் வைத்த சமூகத்தில் அந்தப் பயம் இயல்புதான்.

'ரீச்சர்ஸ்' அந்த நடுநிலத்தில் முழுமையாக வாழ்கிறது. அதற்காக நான் அதை விரும்புகிறேன். சைமன் திருந்துவதில்லை. பின்னணி இசை எழ, ஒரு பெரிய உரை நிகழ்த்தி, கண்ணீரோடு வகுப்பு எழுந்து நிற்கும் காட்சி வருவதேயில்லை. ஒரு பிள்ளையின் துயரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனே என்று அவன் உணரும் கணங்கள் வரும், அரை நிமிடம் நிற்கும், மணி அடித்துவிடும். அந்த அரை நிமிடத்தில் அன்ட்ரூ லிங்கன் செய்வது மிக நுட்பமான நடிப்பு. முகத்தில் வளர்ந்த மனிதன் ஒருவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

நான்கு பருவங்களும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டும் பொக்கிஷம். சைமன் விலகிய பிறகு கதையின் அச்சு ஆட்டம் காண்கிறது. நான்காம் பருவத்தில் பழைய முகங்கள் பல இல்லை. பகிடி மிஞ்சுகிறது, பகிடிக்குக் கீழே இருந்த கவலை போய்விட்டது. 2006-இல் அமெரிக்க என்பிசி இதைத் தங்கள் நாட்டுக்கு மாற்றி எடுத்தது. ஆறு அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மதுவும் தூஷணமும் படுக்கையறைக் கதையும் நிறைய. பிள்ளைகளோடு இருந்து பார்க்கும் தொடரல்ல இது.

எங்களுக்கும் நகைச்சுவை மரபு இல்லாமலில்லை. கரவெட்டியில் பிறந்து 2014-இல் கனடாவில் காலமான கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் ஒரு பஸ் கொண்டக்டரை மட்டும் வைத்துக்கொண்டு முழு யாழ்ப்பாணத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரு தொழிலாளியின் தொண்டை, கை, அவசரம், பயணிகளோடு பிடுங்குப்படும் சொல், எல்லாம் அதில் இருக்கின்றன. கொண்டக்டரை அவர் இழிவுபடுத்தவில்லை, நேசித்தார். அதே கண்ணை ஆசிரியர் ஓய்வறைக்குள் கொண்டுபோக இன்னும் ஒருவரும் வரவில்லை. எங்கள் பக்கத்து மேடை வீரத்திலும் துயரத்திலும் நிறைந்தது. முள்ளியவளை முல்லைமணி எழுதிய பண்டாரவன்னியன் நாடகம் உண்டு, கோவலன் கூத்து உண்டு. அவற்றின் அருமை குறையாது. சிரிப்புக்கும் ஒரு மூலை ஒதுக்கப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பொருளுக்கோ பஞ்சமில்லை. காலை ஏழரைக்கு அதிபர் கையொப்பப் புத்தகத்தில் இழுக்கும் சிவப்புக் கோடு ஒன்றே போதும், அத்தியாயம் அத்தியாயமாக எழுதலாம். பரந்தன் சந்தியில் பஸ் மாறி, ஏ35 வீதியில் புதுக்குடியிருப்பு தாண்டி வரும் ரீச்சர்மார் பஸ்ஸுக்குள்ளேயே பாடக்குறிப்பு எழுதி முடிப்பார்கள். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவர் அன்று முழுவதும் ஒரு தினுசாக நடப்பார், கீழே வைத்தவர் வேறு தினுசாக. வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கக் கடைசிப் பாடத்தில் பையைத் தோளில் போட்டுக்கொண்டே படிப்பிக்கும் சேர் இருக்கிறார். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலத்தை விரலில் எண்ணி இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கிடைத்த அன்று வகுப்பின் முன்னால் வாயடைத்து நிற்பவரும் அதே சேர்தான். வலயக் கல்விப் பணிமனையில் இருந்து மேற்பார்வைக்கு ஆள்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் சுவரெல்லாம் திடீரென்று முளைக்கும் காட்சி அட்டைகளையும், பதில் பாடத்துக்கு அனுப்பப்பட்டவர் தனக்குத் தெரியாத பாடத்தை மாணவியிடமே கேட்டுக் கேட்டுப் படிப்பிப்பதையும் எழுதத் தொடங்கினால் ஒரு பருவம் போதாது.

பிரிஸ்டல் சைமனுக்கும் எங்கள் சைமன்மாருக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நான் இந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு உண்மையான காரணம் அதுதான். சைமன் தன் இளமையை விட மனமில்லாதவன். பாட்டு, மது, கூட்டாளிகள், காதல் என்று நிறைய அனுபவித்தான், இன்னும் வேண்டும் என்கிறான். 2009-இல் பதினாறு வயதாக இருந்த ஒரு பெடியன் 2020-இல் இருபத்தேழு வயது ஆசிரியன். 2009-இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடக் கட்டடங்கள் வைத்தியசாலைகளாக இருந்தன. அவன் பதுங்குகுழிக்குள் இருந்தான், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் கூடாரத்தில் இருந்து பரீட்சைக்குப் படித்தான், பிறகு பல்கலைக்கழகம், பிறகு நியமனக் கடிதம். பதினாறு வயதில் செய்ய வேண்டிய ஒன்றையும் அவன் செய்யவில்லை. இன்று அவன் இடைவேளையில் மாணவரோடு சேர்ந்து கிரிக்கெட் அடித்து ஆட்டமிழந்ததை ஒப்புக்கொள்ள மறுத்துச் சண்டை பிடித்தால், ஓய்வறையில் சக ஆசிரியரின் சாப்பாட்டுப் பெட்டியை ஒளித்து வைத்தால், மூத்த ரீச்சர் 'சின்னப்பிள்ளை வேலை' என்று முகம் சுளிப்பார். எனக்கு அது தாமதமாக வந்து சேர்ந்த பிள்ளைப்பருவமாகப் படுகிறது. சைமனின் குறும்பு எனக்குச் சிரிப்பு, இவனுடைய குறும்பு எனக்குச் சிரிப்பும் அதற்கு மேல் ஒரு நிம்மதியும். இங்குள்ள பிள்ளைகளும் அந்த வித்தியாசத்தை அறிவார்கள். தங்கள் சேர் எங்கே இருந்து வந்தவர் என்று வீட்டில் கேட்டு வைத்திருப்பார்கள். அதனால் அவருடைய 'அவுட் இல்லை' என்ற வாதத்துக்கு விட்டுக்கொடுப்பார்கள். சமர்டவுன் மாணவர்களிடம் நான் கண்ட அந்தப் பொறுமை இதுதான், இன்னும் ஆழமான காரணத்தோடு.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்று கையில் கமராவோடு குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் போரையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் பற்றி எடுக்கிறார்கள், எடுக்கத்தான் வேண்டும். அவர்களில் ஒருவராவது இந்தத் தொடரைத் தேடிப் பார்க்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆறு அத்தியாயங்கள் போதும். ஒரு ஓய்வறை, ஒரு வகுப்பறை, வட்டுவாகல் பாலத்தில் ஊர்ந்து போகும் ஒரு பஸ். சென்னைத் தமிழ் வேண்டாம்; இங்கே 'என்னடாப்பா, கோடு போட்டாச்சோ?' என்று கேட்கும் குரல் அப்படியே இருக்கட்டும். அதிபரை வில்லனாக்க வேண்டாம், அவருக்கும் வலயத்தில் கையெழுத்துப் புத்தகம் ஒன்று இருக்கிறது. போரைப் பற்றி வசனம் எழுத வேண்டாம், பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மாணவர்களாக நடிப்பதற்கு ஊர்ப் பிள்ளைகளையே எடுங்கள். சேரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.