‘பெரிய’ என்ற ஒரு சொல் போதுமா?

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் முதற்பாலம் 1985-இல் திறக்கப்பெற்றது. அதன் நீளம் 13.5 கிலோமீட்டர். அதனைப் பற்றி எழுதப் புகும் தமிழ்ப்பள்ளிச் சிறுவன் ‘பெரிய பாலம்’ என்கிறான். கொடிமலை அவனுக்குப் ‘பெரிய மலை’. கொம்தார் ‘பெரிய கட்டடம்’. கடலும் ‘பெரிய கடல்’. நீண்டது, ஓங்கியது, உயர்ந்தது, பரந்தது ஆகிய நான்கையும் ஒரே சொல்லால் அளந்து விடுகிறான். சிவப்பு மையாற் சுழிக்க ஆசிரியருக்கும் இடமில்லை, இலக்கணம் வழுவவில்லை. ஆயினும் அவன் கண்ணிற் பட்ட வேறுபாடு ஏட்டில் ஏறவில்லை.

இக்குறையைப் போக்கச் சிலர் கையாளும் வழி குறையினும் பெரிது. மாபெரும், பிரம்மாண்டமான, இமாலய எனக் கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதி மனப்பாடம் செய்விக்கின்றனர். மறுவாரமே ‘பிரம்மாண்டமான எலி’ கட்டுரைக்குள் ஓடத் தொடங்குகிறது. இவை மேடைக்கும் சுவரொட்டிக்கும் உரிய சொற்கள். எவ்வளவு பெரிது என்பதை உரக்கக் கூவுமேயன்றி, எவ்வகையிற் பெரிது என்று சொல்லமாட்டா.

மிகுதியைக் கூட்டுவது வேறு. வகையைப் பிரிப்பது வேறு. தொல்காப்பிய உரியியல் இதனை நன்கு காட்டும். உறு, தவ, நனி ஆகியவற்றை மிகுதிக்கு உரியனவாகத் தனியே வைத்த ஆசிரியர், தட, கய, நளி என்பவற்றைப் பெருமைக்கும், வியல் என்பதனை அகலத்திற்கும், நொசிவு, நுழைவு, நுணங்கு என்பவற்றை நுண்மைக்கும் வகுத்தார். ஏழு வயதுக் குழந்தைக்கு உரியியல் நடத்த வேண்டுமென்பதன்று. நடத்துபவருக்கு அப்பாகுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஒரு கயிற்றைக் கையிற் கொடுத்து நெடியதா குறியதா, தடித்ததா மெல்லியதா என்று இருமுறை வினவினால், அளவு ஒன்றன்று என்பது குழந்தைக்குத் தானே விளங்கும்.

‘பெரிய’ என்ற சொல்லைக் குழந்தை முதலில் எங்கே கேட்கிறது என்பதும் எண்ணத்தக்கது. பெரியப்பா, பெரியம்மா என்னும் முறைப்பெயர்களில் அது உருவத்தைச் சுட்டுவதில்லை. பெரியப்பா ஈர்க்குச்சி போல் இருக்கலாம்! அங்கே அது மூப்பின் வரிசை. இவ்வளவு பொருள் சுமக்கும் சொல்லின் மீது நீளம், உயரம், அகலம், பருமன் எல்லாவற்றையும் ஏற்றினால் அது தாங்குமா?

சிறுமையின் பக்கம் தமிழ் இன்னும் வளமுடையது. நுண்மணல், சன்னமான அரிசி, குறுகிய சந்து, பொடிமீன் என்று பொருளுக்கேற்ப அடை மாறுகிறது. சிலவிடத்து அடையே வேண்டுவதில்லை. மாவின் இளங்காய் வடு, வாழையினது கச்சல், தென்னையினது குரும்பை, பலாவினது மூசு. தமிழின் சொல்வளத்தை எடுத்துக் காட்டுகையில் பாவாணர் இத்தகைய இளங்காய்ப் பெயர்களை நிரல்படத் தந்துள்ளார். ‘சின்ன மாங்காய்’ என்று எழுதும் குழந்தை, வீட்டு ஊறுகாய்ச் சாடியில் மாவடுவை நாள்தோறும் காண்கிறது. பெயர்தான் ஏட்டுக்கு வரவில்லை. அடுக்களையிலோ அளவுக்குப் பஞ்சமே இல்லை. புளி எலுமிச்சம்பழ அளவு, நெல்லிக்காய் அளவு. பெருங்காயம் குன்றிமணி அளவு. உவமையால் அளப்பது பாட்டிமாருக்கு இயல்பு. அவர்கள் வாய்மொழி வகுப்பறைக்குள் நுழையாததற்குப் பாடநூலை மட்டும் பழிப்பது முறையன்று.

மலாய் மொழியையும் உடன் பயிலும் பிள்ளைகளுக்கு இதனை விளக்குதல் கடினமன்று. அம்மொழியில் ‘பெசார்’ என்பதோடு ‘ராயா’ என்ற சொல்லும் உண்டு. ‘ஜாலான் ராயா’ என்பதைத் தமிழர் நெடுஞ்சாலை என்றனர். ‘ஹரி ராயா’வைப் பெருநாள் என்றனர். ஆங்கே ஒரு சொல் நின்ற இடத்தில், சாலைக்கு நீளத்தையும் நாளுக்குச் சிறப்பையும் தேர்ந்து இரண்டு சொற்களைத் தமிழ் வைத்தது. சாலையைப் ‘பெருஞ்சாலை’ என்னாது ‘நெடுஞ்சாலை’ என்றது ஏன் என்று மூன்றாம் வகுப்பிற் கேட்கலாம்.

நேரமில்லை, தேர்வு நெருங்குகிறது என்பது ஆசிரியர் கூறும் தடை. அதில் உண்மை உண்டு. எனினும் இதற்குத் தனிப்பாடவேளை தேவையில்லை. கட்டுரை ஏட்டில் ‘பெரிய பாலம்’ என்று கண்டவிடத்துத் திருத்தாமல், ‘எப்படிப் பெரிது?’ என்று ஓரத்தில் எழுதி ஏட்டைத் திருப்பிக் கொடுத்தாற் போதும்.