மூலம் கண்டறிதலும் மதிப்பிடலும்: எஸ். பாலசந்தரின் கொலைமர்மப் படங்களும் இலண்டன் மூலங்களும்

முன்னுரை

தமிழ்த் துப்பறியும் திரைப்படம் ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது எந்த ஆங்கிலப் படத்தின் தழுவல் என்பதே பெரும்பாலும் முதல் வினாவாக அமைகிறது. மூலம் அகப்பட்டதும் வழக்கு முடிந்ததெனத் திறனாய்வும் ஓய்ந்துவிடுகிறது. களவுபோன பொருளைத் தேடுவதும் கலைப்படைப்பை மதிப்பிடுவதும் ஒன்றல்ல. கொலைமர்மக் கதையின் அமைப்பு ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு எளிதில் பெயரும். ஒரு மரணம் அங்கே ஏன் பொருட்படுத்தப்படுகிறது என்பது அவ்வளவு எளிதில் பெயர்வதில்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) ஆகிய படங்களை, அவற்றோடு உறவுபடுத்திப் பேசப்படும் ஆங்கிலப் படைப்புகளுக்கு அருகில் வைத்து இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் தேவை கருதி 'அந்த நாள்' படத்தின் முடிவு இங்கு வெளிப்படையாகக் கூறப்படுகிறது.

நாவல் வந்த வழி

தழுவல் திரைப்படத்தோடு தொடங்கியதன்று. 'மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்' எழுதிய ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸின் கதைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் பலருக்கு மூலமாயின. மறைமலையடிகளின் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' (1911) என்னும் நாவலும் ரெய்னால்ட்ஸைத் தழுவியதே. பின்னாளில் சொல்லில் பிறமொழிக் கலப்பை விலக்கிய அவர், கதை கடல் கடந்து வருவதைக் குறையாகக் கருதவில்லை என்பது நோக்கத்தக்கது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1935ஆம் ஆண்டிலும் 1951ஆம் ஆண்டிலும் படமாயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935இலும் 'திகம்பர சாமியார்' 1950இலும் திரைக்கு வந்தன. 'திகம்பர சாமியார்' படத்தின் பேரீர்ப்பு, எம். என். நம்பியார் பூண்ட பல்வேறு மாறுவேடங்களே. தடயத்தை ஆராயும் இன்பத்தைவிட வேடத்தைக் கண்டு வியக்கும் இன்பமே அங்கு மேலோங்கி நின்றது. 'அந்த நாள்' இந்நிலையை மாற்றியது.

ஐந்து சாட்சியங்கள்

ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதிய 'அந்த நாள்', பாடலும் நடனமும் இன்றி வெளிவந்தது. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளை ஒட்டிக் கதை தொடங்குகிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, மனைவி உஷா ஆகிய ஐவர்மீதும் ஐயம் படர்கிறது.

இப்படத்தை அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தோடு இணைத்துப் பேசுவது மரபாகிவிட்டது. ஆனால் 'ராஷோமோன்' காட்டும் சாட்சியங்களில் எது உண்மை என்பது இறுதிவரை தெளிவுறுவதில்லை. 'அந்த நாள்' அவ்வாறன்று. அதற்கு ஐயத்துக்கு இடமில்லாத ஒரு விடை உண்டு. அமைப்பு நிலையில் அது, இலண்டனில் பிறந்த ஆன்டனி அஸ்குவித் இயக்கிய 'தி வுமன் இன் குவெஸ்சன்' (1950) படத்துக்கே நெருக்கமானது. அங்கும் கொலையுண்ட ஒருத்தியைப் பற்றி ஐவர் கூறும் ஐந்து சித்திரங்கள் உள்ளன. அங்கும் காவல்துறை இறுதியில் விடை காண்கிறது.

உறவு இவ்வளவில் உறுதிப்படலாம். மதிப்பீடு இதன் பின்னரே தொடங்க வேண்டும். அஸ்குவித்தின் படத்தில், இறந்தவள் எத்தகையவள் என்பது தனிமனித இயல்பு பற்றிய வினா. தமிழ்ப் படத்தில் அது நாட்டைப் பற்றிய வினாவாகிறது. கொலையுண்டவனே குற்றவாளி. தன் அறிவை நாடு மதிக்கவில்லை என்னும் மனக்குறையால் எதிரிக்கு மறைசெய்திகளை விற்றவன் ராஜன். அவன் இறப்பது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியால்.

இங்குச் சிலப்பதிகாரத்தை நினையாத தமிழ்ப் பார்வையாளர் அரியர். வழக்குரை காதையில் கண்ணகி சிலம்பை உடைத்துத் தடயம் காட்டி, இறந்த கணவன் குற்றமற்றவன் என நிறுவுகிறாள். உஷாவின் வாக்குமூலமோ இறந்த கணவன் குற்றமுடையவன் என நிறுவுகிறது. இருவரும் நீதிக்காகவே பேசுகின்றனர். ஆயின் ஒருத்திக்குக் கணவனும் நீதியும் ஒரே பக்கம் நின்றன, மற்றொருத்திக்கு நிற்கவில்லை. இத்திருப்பம் டோக்கியோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்ததாகக் கருத இடமில்லை. 1943இல் சென்னையை ஆண்டது ஆங்கில அரசு என்பதையும் மறத்தலாகாது. ராஜன் எதிர்த்தது அயலாட்சியைத்தானே என வாதிட இடமுண்டு. குண்டுவீச்சுக்கு உள்ளாகும் ஊரில் கதையை நிறுத்தியதன் மூலம், காட்டிக்கொடுக்கப்பட்டது அரசன்று, மக்களே எனப் படம் அவ்வாதத்துக்கு விடையளிக்கிறது.

பொம்மையும் தீவும்

ஜோசப் கான்ராடின் இலண்டன் நாவலான 'தி சீக்ரெட் ஏஜென்ட்' (1907) கதையைத் தழுவி ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'சபோட்டேஜ்' (1936) படத்தை இயக்கினார். தன் கையில் இருப்பது வெடிகுண்டு என அறியாத சிறுவன் இலண்டன் பேருந்தில் செல்கிறான், பார்வையாளர் அறிவர். 'பொம்மை' படத்தின் அச்சமும் இவ்வறிவு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. குண்டு வைத்த பொம்மை கைமாறிக்கொண்டே செல்கிறது. ஹிட்ச்காக் ஒரு சிறுவனோடு நம்மைப் பிணைத்தார். பாலசந்தர் பொம்மையோடு பிணைத்து, அது சேரும் ஒவ்வொரு கைக்காகவும் அஞ்ச வைக்கிறார். அச்சம் ஓர் உயிரைக் கடந்து ஊர் முழுவதற்கும் பரவுகிறது.

'நடு இரவில்' குறித்து இவ்வாறு பாராட்டுதல் இயலாது. அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939) நாவலில் தீவுக்கு வருவோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். சட்டம் தீண்டாத மரணம் ஒன்றன் பழி ஒவ்வொருவர்மீதும் உள்ளது. தமிழ்ப் படம் அவர்களைச் செல்வர் ஒருவரின் உறவினராக்கிற்று. குடும்பமே ஐயத்தின் களமாவது தமிழ்ச் சூழலுக்கு ஏற்ற மாற்றமே. எனினும் மூலத்தில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு பழங்கணக்கு இருந்தது; இங்கு எஞ்சுவது சொத்தாசை மட்டுமே. அச்சம் குறையவில்லை, அதன் அறக்கனம் குறைந்தது.

முடிவுரை

இலண்டனில் 1952 நவம்பரில் தொடங்கிய கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகத்தைக் காண்போர், முடிவை வெளியிட வேண்டாம் என இன்றும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். இரகசியம் காக்கப்படும்வரை இன்பமும் காக்கப்படும் என்பது அம்மரபின் நம்பிக்கை. மர்மப் படத்துக்கு மற்றோர் உரைகல்லும் உண்டு: முடிவை அறிந்தபின் மீண்டும் காணும்போது எஞ்சுவது என்ன? 'அந்த நாள்' வெளிவந்தபோது வணிக வெற்றி பெறவில்லை. ஆயினும் அதன் முடிவை அறிந்தவர்களே இன்றும் அதனைத் திரும்பக் காண்கின்றனர். கொன்றவர் யார் என்னும் வினா தீர்ந்த பின்னரும், உஷா செய்தது சரியா என்னும் வினா தீராமையே அதற்குக் காரணம். மூலத்தைக் கண்டறிதல் ஆய்வின் முதற்படி. கடன் வாங்கிய வினாவுக்குப் படைப்பாளி தன் மண்ணிலிருந்து விடை கண்டாரா என ஆராய்வதே திறனாய்வின் கடன்.