கவியும் உளியும்

கன்னட நாட்டில், சிவமொக்கைச் சீமையைச் சேர்ந்த தாளகுண்டா என்னும் சிற்றூரில், பிரணவேசுவரர் கோயிலின் முன்னே நிற்கும் கல்தூண் ஒன்றில், கதம்பர் குலத்தின் உதயத்தையும் அக்குலத்து மன்னன் காகுத்தவர்மன் வெட்டுவித்த குளத்தின் பெருமையையும் பாடும் வடமொழிக் காவியம் ஒன்று, ஐந்தாம் நூற்றாண்டு தொடங்கி இன்றளவும் வெயிலையும் மழையையும் தாங்கி வாழ்ந்து வருகிறது. அதனை யாத்த குப்ஜன் என்னும் கவி, மன்னன் சாந்திவர்மனது ஆணையின் வண்ணம், தன் காவியத்தைத் தானே கல்லின் மீது எழுதியதாக அதன் முடிவிலே கூறிக்கொள்கிறான். இந்தச் சிறு வாக்கியத்தை ஆராய்ச்சியாளர் பலரும் காலக்கணிப்புக்கு உதவாத செய்தி என்று தள்ளிச் சென்றுவிடுகின்றனர். எனக்கோ அந்தத் தூணின் சாரமே அதில் இருப்பதாகத் தோன்றுகிறது. பாடினவனும் எழுதினவனும் ஒருவனேயாக இருப்பது அத்துணை அபூர்வமாக இருந்ததனாலன்றோ, அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கவிக்குத் தோன்றியிருக்கிறது!

பொதுவான வழக்கம் அதுவன்று. சாசனமாகும் ஒரு கவிதை மூன்று கைகளைக் கடந்தே கல்லை அடைந்தது. கவி அதை யாப்பான். எழுத்தன் ஒருவன் செப்பனிட்ட கல்லின் முகத்தில் வரியிட்டு, மையாலோ காவியாலோ சுண்ணத்தாலோ அதை வரைவான். பின்னர்ச் சிற்பி அந்தக் கோட்டின்மேல் உளியைச் செலுத்துவான். ஓலையில் பிழை நேர்ந்தால் வேறோர் ஓலை உண்டு. செம்பில் பிழை நேர்ந்தால் அவ்விடத்தைத் தட்டி நிரவி மீண்டும் வெட்டலாம். கருங்கல்லிலோ ஒரு சில்லு பெயர்ந்துவிட்டால், ஆயிரம் ஆண்டுக்கு அது பெயர்ந்ததுதான். ஆகவே கவியின் சொல் பிழையின்றி நிலைப்பது, அந்தக் கவியின் பாஷையை அறிந்திருக்கக் கடமைப்படாத ஒருவனுடைய மணிக்கட்டின் நிதானத்தைப் பொறுத்ததாக இருந்தது. இவ்வளவு பெரிய நம்பிக்கையின் மேல் எழுந்த கூட்டுறவு இலக்கிய உலகில் வேறு உண்டா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இக்கூட்டுறவைச் சாசனங்கள் எல்லாம் ஒரே விதமாகப் போற்றவில்லை. 634-ஆம் ஆண்டில் ஐஹொளெ மேகுடிச் சமணக்கோயிலில் இரண்டாம் புலிகேசியின் புகழைப் பொறிப்பித்த ரவிகீர்த்தி, காளிதாசனோடும் பாரவியோடும் தன்னை ஒப்பிட்டுக்கொள்ள மறக்கவில்லை; அந்த அழகிய எழுத்துக்களை வெட்டியவனின் பெயரைச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. குவாலியர்க் கோட்டையின் சாஸ்பஹு கோயிலிலோ, 1093-ஆம் ஆண்டுச் சாசனம், பாடியவன் மணிகண்டன், எழுதியவன் யசோதேவன், வெட்டியவன் பத்மனும் அவன் துணைவரும் என்று மூன்று கைகளையும் தனித்தனியே காட்டுகிறது. வங்காளத்துத் தேவபாடாவில், விஜயசேன மன்னன் எடுத்த கோயிலைப் பற்றிய பிரசஸ்தி என்னும் புகழ்ப்பாவைப் பாடியவர் உமாபதிதரர். ஜயதேவரே தம் கீதகோவிந்த காவியத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பெரும்புலவர். அதனை வெட்டியவனோ ராணகன் என்னும் பட்டம் தாங்கிய சூலபாணி. வாரேந்திர நாட்டுச் சிற்பியர் கோஷ்டிக்குச் சூடாமணி என்று அந்தச் சாசனமே அவனைக் கொண்டாடுகிறது. அரசவைக் கவியும் சிற்பியர் தலைவனும் சரிசமானமாக ஒரே கல்லில் கையொப்பமிட்டிருக்கும் காட்சி அது.

இவை அனைத்திலும் என் உள்ளத்தைக் கவர்வது அதே வங்க நாட்டில் சிலிம்பூரில் கிடைத்த சாசனந்தான். பிரஹாசன் என்னும் அந்தணனைப் பற்றிய அந்தக் கல்லை வெட்டியவன் மகத தேசத்துச் சோமேசுவரன். காதலன் ஒருவன் தன் காதலியின் மேனியில் வண்ணக்கோலம் எழுதும்போது எத்தகைய ஏகாக்கிரத்தோடு எழுதுவானோ, அத்தகைய ஏகாக்கிரத்தோடு இவ்வெழுத்துக்களை அவன் வெட்டினான் என்பது அச்சாசனத்தின் முடிவுரையில் வரும் பொருள். கைத்தொழில் என்று நாம் ஒதுக்கிவைக்கும் ஒன்றைச் சிருங்காரத்தின் பாஷையில் பேசிய அந்த உவமை, எழுத்து வெட்டுவோனுக்கு நம் தேசத்தில் கிடைத்த மிக உயர்ந்த பட்டம் என்று கருதுகிறேன்.

நாடகங்களையே முழுமையாகக் கல்லில் பொறித்த விந்தையும் உண்டு. சௌஹான் மன்னன் விக்கிரகராஜன் தானே இயற்றிய ஹரகேலி நாடகமும், அவன் அவைப்புலவர் சோமதேவர் இயற்றிய நாடகமும் 1153-ஆம் ஆண்டளவில் அஜ்மீரில் கற்பலகைகளில் ஏறின. வெட்டியவன் மகீபதியின் மகன் பாஸ்கரன். அரசனே கவியாயிருந்தும் சிற்பியின் பெயரும் அவன் தந்தை பெயரும் அங்கே இடம் பெற்றன என்பது கவனிக்கத்தக்கது.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். செப்பேடுகளைப் பொறுத்தவரை நாம் தலைநிமிர்ந்து நிற்கலாம். பாண்டியன் நெடுஞ்சடையனது வேள்விக்குடிச் செப்பேட்டில் வடமொழிப் பகுதிக்கு ஒரு புலவர், தமிழ்ப் பகுதிக்குச் சேனாபதி ஏனாதி ஆயின சாத்தஞ் சாத்தன், வெட்டுக்கு யுத்தகேசரிப் பெரும்பணைக்காரன் என்று எல்லோரும் வரிசையாக நிற்கின்றனர். படைத்தலைவன் பாட, பணைக்காரன் வெட்ட, இருவர் பெயரும் ஒரு செம்பில்! முப்பத்தொரு ஏடுகளாலான இராஜேந்திர சோழனது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பிரசஸ்தியைப் பாடிய நாராயணனை நாம் அறிவதுபோலவே, அதை வெட்டிய காஞ்சிபுரத்துச் சிற்பியர் நால்வரையும் அறிகிறோம். இன்று லெய்டன் பெயரால் வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டையும் அதே காஞ்சிக் குடும்பத்தாரே வெட்டினர். எழுத்து வெட்டுதலைக் குலவித்தையாகப் பேணிய குடும்பம் ஒன்று காஞ்சியில் சோழர் ஓலைநாயகங்களுக்குக் கைகொடுத்து வாழ்ந்தது என்பதை இதனால் உணர்கிறோம்.

கல்லிலோ நிலைமை வேறு. இராஜராஜன் காலந்தொட்டுக் கோயில் கோயிலாக மீண்டும் மீண்டும் வெட்டப்பெற்ற மெய்க்கீர்த்திகள், செவ்விய அகவல்களாக இருந்தும், தம்மை யாத்த புலவர் இன்னார் என்று சொல்வதில்லை. அவை கல்லில் ஏறிய விதமும் ஆழ்ந்து நோக்கற்பாலது. புள்ளி பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். ரகரமும் காலும் ஒன்றே. அடி முடியும் இடத்தில் வரி முடிவதில்லை, கல் முடியும் இடத்தில்தான் வரி முடிகிறது. அதிஷ்டானம் என்னும் அடித்தளத்தின் குமுத வரிசையைச் சுற்றிக்கொண்டு ஓடும் அந்த வரியைப் படிப்பவன், தன் செவியில் உள்ள ஓசையின் துணைகொண்டே எதுகையையும் மோனையையும் மீட்டெடுக்க வேண்டும். கவிதையின் உருவத்தைக் கட்டடத்தின் உருவம் விழுங்கிவிட்டது என்று குறைகூறுவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. கோயிலை வலம்வருபவனோடு பாட்டையும் வலம்வரச் செய்தான் அந்தச் சிற்பி.

வரிவடிவத்தையே கலையாகக் கருதிய பல்லவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றிலுள்ள சிறு கோயில்களில் இராஜசிம்மனது விருதுப்பெயர்கள் எளிய எழுத்திலும், கொடியும் சுருளுமாக வளையும் சித்திர எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. மாமல்லையை அடுத்த சாளுவன்குப்பத்தில், அதிரணசண்டன் என்னும் விருதுடைய பல்லவனது குகைக்கோயிலில், ஒரே சுலோகங்கள் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியின் முன்வடிவத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. சொல் மாறவில்லை, பொருள் மாறவில்லை; ஆயினும் இரு சுவர்களையும் பார்ப்பவன் இரண்டு வேறு அனுபவங்களை அடைகிறான். எழுத்து வெட்டுபவன் கவிக்கு வெறும் பணியாளன் அல்லன், அவனும் ஒரு கர்த்தா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. மாலைவெயில் சாய்ந்து விழும் நேரத்தில் இவ்வெழுத்துக்களைப் பார்க்க வேண்டும். நண்பகலில் மறைந்து கிடந்த கோடெல்லாம் அப்போது நிழல் பெற்று எழுந்து நிற்கும்.

இந்த உறவை நம் காலத்தில் புத்துயிர் பெறச் செய்தவர்கள் பிரிட்டிஷ் தீவினர். ஸ்காட்லாந்துக் கவிஞர் இயன் ஹாமில்டன் ஃபின்லே (1925–2006), பென்ட்லண்ட் குன்றுகளின் நடுவே 1966-இல் குடியேறிய பண்ணையை, லிட்டில் ஸ்பார்ட்டா என்னும் பெயரால் உலகறியும் கவிதைத் தோட்டமாக ஆக்கினார். அவர் உளி பிடித்தவர் அல்லர். மைக்கேல் ஹார்வி, நிக்கொலஸ் ஸ்லோன் போன்ற எழுத்துச் சிற்பிகளுக்குக் கடிதம் எழுதி, எழுத்தின் வடிவத்தையும் அளவையும் விவாதித்துப் படைத்தார். ஒவ்வொரு படைப்பிலும் அவர்கள் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சிக்காரன் சான் ஜுஸ்தின் வாக்கியம் ஒன்றைச் சொல் சொல்லாகப் பிரித்து, கரடுமுரடான பெருங்கற்களில் ஸ்லோன் வெட்டிக் குன்றின்மேல் கிடத்தியபோது, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே புல்லும் ஆகாயமும் புகுந்தன. பின்னர் 2012-இல், யார்க்ஷயர் மேட்டுநிலங்களில், கவிஞர் சைமன் ஆர்மிடேஜ் நீரின் பல கோலங்களைப் பற்றிப் பாடியவற்றை எழுத்துச் சிற்பி பிப் ஹால் பாறைகளில் வெட்டினார். அங்கே பாறை இடங்கொடுத்த அளவே வரியின் நீளமாயிற்று.

மீண்டும் நம் நாட்டுக்குத் திரும்புவோம். சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறள்களும் கல்லில் உள்ளன. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் பூங்காக்களிலும் கோயில் மண்டபங்களிலும் இன்றும் நாள்தோறும் பாட்டுக்கள் கல்லேறுகின்றன. திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது, நன்கொடையாளர் பெயர் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் பெயர்கூடச் சில இடங்களில் இருக்கிறது. யுத்தகேசரிப் பெரும்பணைக்காரனுக்குப் பாண்டியன் அவையார் கொடுத்த இடத்தை, இன்று பலகை வெட்டும் ஆசாரிக்கு நாம் கொடுப்பதில்லை. இனி ஒரு குறளைக் கல்லில் பதிக்க எண்ணும் அன்பர்கள், கீழ் மூலையில் நான்கு விரற்கடை இடம் விட்டு, வெட்டியவர் பெயரையும் ஊரையும் அவர் கையாலேயே வெட்டச் சொல்ல வேண்டுகிறேன்.